குளிர்சாதனப் பெட்டியும் நம் வீட்டு உணவும்



மே மாதக் கடைசியில், நண்பகல் வேளையில், டில்லி நகரத்துக் குடியிருப்பு ஒன்றினுள் நுழைவோமாயின், வீட்டார் அடிக்கடி நாடிச் செல்லும் இடங்கள் இரண்டே என்பது விளங்கும். ஒன்று, ஜன்னலில் பொருத்திய கூலரின் எதிர்ப்புறம். மற்றொன்று, சமையலறை ஓரத்தில் முனகிக்கொண்டு நிற்கும் குளிர்சாதனப் பெட்டி. வெளியே உஷ்ணம் 44, 45 டிகிரி செல்சியஸைத் தொடும் அந்நாட்களில், விளையாடித் திரும்பும் குழந்தை முதலில் தேடுவது தாயை அன்று. அந்தப் பெட்டியின் கதவைத்தான்.

ஒரு காலத்தில் செல்வர் இல்லங்களில் மட்டுமே காணப்பட்ட இப்பொருள் இன்று நடுத்தரக் குடும்பங்களில் அடுப்புக்கு அடுத்த இடத்தைப் பெற்றுவிட்டது. வாங்குவதற்கு முன் எத்தனை லிட்டர், எத்தனை நட்சத்திரம், என்ன நிறம் என்றெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கி ஆராய்கிறோம். வாங்கி வந்த பின், அதனுள் எதை வைக்கலாம், சமைத்து எவ்வளவு நேரத்துக்குள் வைக்க வேண்டும், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று ஆராய்பவர் மிகச் சிலரே. பெட்டிக்குள் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. இன்றைய பேச்சில் அந்த நம்பிக்கையைத்தான் சற்றுச் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம்.

நாம் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் உணவுப் பாதுகாப்பைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று தமிழாக்கத்துக்காக நம் மேஜைக்கு வந்தது. முன்னரே யாரோ செய்து வைத்திருந்த வரைவில், ‘உணவைக் கெடாமல் காக்கும் குளிர்சாதனப் பெட்டி’ என்று எழுதியிருந்தது. நாம் அதை அடித்துவிட்டு, ‘உணவு கெடுவதைத் தாமதப்படுத்தும் பெட்டி’ என்று திருத்தினோம். வாக்கியம் நீண்டுவிட்டது என்றும், படிப்பதற்கு உற்சாகமாக இல்லை என்றும் கருதிய மேலதிகாரி பழைய வாசகத்தையே மீண்டும் சேர்த்துவிட்டார். அச்சில் ஏறாமல் போன அந்தத் திருத்தத்தை இன்று வானொலியில் சொல்லிவிடுகிறோம். இப்பெட்டி காப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. ஒரு சொல்லில் உள்ள வேறுபாடுதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வேறுபாடு ஒரு முறை மருத்துவமனை வரையில் கொண்டுபோய்விட்டது. அதைப் பின்னர் கூறுவோம்.

நம் முன்னோருக்கு உணவைக் காத்து வைக்கும் வழிகள் பல தெரிந்திருந்தன. வெயிலில் உலர்த்தினார்கள், உப்பிட்டார்கள், எண்ணெயில் ஊற வைத்தார்கள், புளிக்க வைத்தார்கள். வற்றலும் வடகமும் ஊறுகாயும் கருவாடும் அவ்வாறு தோன்றியவை. இவ்வழிகளில் கிருமிகள் வாழ்வதற்கு வேண்டிய ஈரம் பறிக்கப்படுகிறது, அல்லது அவை வாழ முடியாத புளிப்பும் உப்பும் சேர்க்கப்படுகின்றன. குளிர்ச்சியோ நம் நாட்டில் நெடுங்காலம் பானத்துக்கு உரிய ஆடம்பரமாகவே இருந்தது. அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர வைத்தார்கள் என்றும், வடக்கு மலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி வந்தது என்றும் ‘அயினி அக்பரி’ கூறுகிறது. 1833ஆம் ஆண்டில் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏரிப் பனிக்கட்டியைச் சுமந்துகொண்டு கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. பின்னர் அதே வணிகம் சென்னைக்கும் வந்தது. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் வட்ட வடிவக் கட்டிடம் அந்தப் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக எழுப்பப்பட்டதே. 1897ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதற்கு முன்னரே ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்த வட்டாரத்துக்கு நிலைத்துவிட்டது. அந்த ஐஸ் பெரும்பாலும் துரைமார்களின் கண்ணாடிக் கோப்பைகளுக்குச் சென்றது. மிஞ்சிய சோற்றைக் காப்பதற்கு எவரும் அதைச் செலவிடவில்லை. ஆகவே, குளிரில் உணவை வைக்கும் பழக்கம் நமக்குப் புதியது. உப்பையும் வெயிலையும் பற்றி நம் பாட்டிமார் அறிந்திருந்த அளவு நுட்பமாக நாம் குளிரைப் பற்றி அறிந்திருக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

குளிர் என்ன செய்கிறது? உணவில் தங்கும் கிருமிகள் ஏறக்குறைய 5 டிகிரி முதல் 60 டிகிரி வரையுள்ள உஷ்ண நிலையில் பெருகுகின்றன. அவற்றுக்கு மிகவும் உகந்தது நம் உடம்பின் உஷ்ணத்தை ஒட்டிய நிலை. அந்நிலையில் சில வகைக் கிருமிகள் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டு மடங்காகிவிடும். ஒன்று, மூன்று மணி நேரத்தில் ஐந்நூறுக்கு மேல் ஆகும். ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைக் கடந்துவிடும். டில்லியின் கோடைகாலச் சமையலறையோ 38, 40 டிகிரியில் நாள் முழுவதும் கிடக்கிறது. கிருமிகளுக்கு இதைவிடச் சிறந்த வளர்ப்புச் சாலை வேறு எங்கும் கிடையாது.

அதே உணவை 5 டிகிரிக்குக் கீழே கொண்டு சென்றால், பெரும்பாலான கிருமிகள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன, அல்லது மிக மெதுவாகப் பெருகுகின்றன. சாவதில்லை. உறையும் நிலைக்குக் கீழே 18 டிகிரியில் வைத்தாலும் பெரும்பாலானவை உறங்குமே அன்றி மடிவதில்லை. வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்ளும். ‘லிஸ்டீரியா’ என்ற ஒரு வகைக் கிருமி பெட்டியின் குளிரிலேயே மெல்ல வளரவும் வல்லது. கருவுற்ற பெண்களுக்கும் முதியோருக்கும் அது மிகுந்த தீங்கு செய்யும். தூய்மையற்ற தண்ணீரைக் கொண்டு செய்த ஐஸ் கட்டியும் தூய்மையற்றதே. உறைந்துவிட்டதனால் அது சுத்தமாகிவிட்டது என்று எண்ணிக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர் உண்டு, அது தவறு.

இனி, எங்கள் வீட்டுச் செய்தி. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து உறவினர் எழுவர் வந்திருந்தனர். பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரிய பாத்திரம் நிறையச் சாதம் வடித்தோம். வந்தவர்கள் டில்லியில் பூரியும் சோலேயும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் வெளியே உண்டுவிட்டு வரவே, முக்கால் பாத்திரம் சாதம் அப்படியே நின்றுவிட்டது. சூடாகப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது என்று எல்லோரும் சொல்லுகிறார்களே என்று, ஆறட்டும் என மேடை மீதே மூடி வைத்தோம். பேச்சு வளர்ந்தது. குதுப் மினாருக்குப் போனோம், திரும்பினோம். இரவு ஒன்பது மணிக்கு நினைவு வந்து, பாத்திரத்தோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்தோம். சாதத்தில் வாடையில்லை, பிசுபிசுப்பும் இல்லை. மறுநாள் பகலில் அதை எலுமிச்சம்பழச் சாதமாகக் கிளறி, எழுபத்தொரு வயதான தாயாருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கும் பரிமாறினோம். மற்றவர்கள் அன்று சப்பாத்தி உண்டார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்துக் குழந்தை வாந்தி எடுத்தது. அதைக் கவனிக்க எழுந்த தாயார் நிற்க முடியாமல் அமர்ந்துவிட்டார். குழந்தை மாலைக்குள் தேறிவிட்டது. தாயார் நீரிழிவு நோயாளி, வாந்தி நிற்கவில்லை, நாக்கு உலர்ந்து, பேச்சுக் குழறத் தொடங்கியது. இரண்டு இரவுகள் மருத்துவமனையில் சலைன் ஏற்றிய பிறகே எழுந்து உட்கார்ந்தார். அங்கிருந்த டாக்டர், “மாதாஜி என்ன சாப்பிட்டார்?” என்று கேட்டதற்கு நாம் சாதம் என்றதும், அடுத்து இரண்டே கேள்விகள் கேட்டார். அது சமைத்தது எத்தனை மணிக்கு? பெட்டிக்குள் வைத்தது எத்தனை மணிக்கு? ஒன்பது மணி நேரம் என்று நம் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

அரிசியில் இயல்பாகவே ‘பாசிலஸ் சீரியஸ்’ என்னும் ஒரு கிருமி இருப்பதுண்டு. அது கடினமான உறைக்குள் விதைபோல் ஒடுங்கிக் கிடக்கும். கொதிக்கும் நீரும் அந்த உறையை முற்றிலும் அழிப்பதில்லை. சாதம் வெந்து, ஆறி, கதகதப்பான நிலையில் நீண்ட நேரம் நிற்கும்போது அவ்விதைகள் முளைத்துப் பெருகி, ஒரு வகை விஷத்தைக் கக்குகின்றன. அவ்விஷத்துக்கு நிறமில்லை, வாடையில்லை. அதைவிடக் கொடியது, மீண்டும் சூடாக்கினாலும் அது அழிவதில்லை என்பது. ஆகவே, எங்கள் எலுமிச்சம்பழச் சாதத்தைப் பெட்டி கெடுக்கவுமில்லை, அடுப்பு திருத்தவுமில்லை. ஞாயிறு பகலுக்கும் இரவுக்கும் இடையில், மேடை மீது மூடியிருந்தபோதே அது கெட்டுப்போயிருந்தது. கெட்ட பொருளைப் பெட்டி பத்திரமாக மறுநாள் வரை வைத்திருந்து எங்களிடம் கொடுத்தது.

இதனால் பெறப்படும் விதி எளிது. சமைத்த உணவை அறையின் உஷ்ணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணி நேரமே கெடு என்பது வேறு நாடுகளில் கடைப்பிடிக்கும் கணக்கு. டில்லிக் கோடைக்கும் சென்னைக் கோடைக்கும் நாம் கொள்ள வேண்டியது இந்த ஒரு மணிக் கணக்கைத்தான்.

சூடாக வைத்தால் பெட்டி பழுதாகிவிடும் என்ற பேச்சில் சிறிது உண்மை உண்டு. கொதிக்கக் கொதிக்க ஒரு குண்டானை உள்ளே வைத்தால், அருகிலுள்ள பாலும் காய்கறியும் சூடேறும். இயந்திரம் ஓயாமல் ஓடும். ஆனால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய உணவை வைப்பதனால் எந்தக் கேடும் இல்லை. விரைவாக ஆற வைப்பதே இங்குள்ள சாமர்த்தியம். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறியின் கீழ் வைத்தால் கால் மணியில் ஆறிவிடும். சாம்பாரையும் பாயசத்தையும் அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர் நிரம்பிய தட்டில் நிறுத்தலாம். ஒரே ஆழமான பாத்திரத்தில் உள்ள குழம்பு, மேலே குளிர்ந்தாலும் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். இறைச்சிக் குழம்பில் இது மிகுந்த அபாயம். சாதத்தை மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மற்றச் சமைத்த பண்டங்களுக்கு மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். உண்ணும் அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கும் வரை ஒரே முறை சூடாக்க வேண்டும். முழுப் பாத்திரத்தையும் எடுத்துச் சூடாக்கி மீண்டும் வைத்து, மறுபடி எடுப்பது என்பது கிருமிகளுக்கு விருந்து வைத்து அழைப்பதுபோல் ஆகும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மிஞ்சியதை மூன்று நாள் பெட்டியில் வைத்திருந்து, நமக்கு உண்ணத் தயக்கம் வந்த பின், பாத்திரம் துலக்க வரும் பெண்ணிடம் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கொடுப்பவர் அதைத் தர்மம் என்றே எண்ணுகிறார். நம் வயிற்றுக்கு ஆகாதது அவள் குழந்தையின் வயிற்றுக்கு எவ்வாறு ஆகும்? கொடுப்பதாயின், சமைத்த அன்றே, நாம் உண்ணும்போதே எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் வீட்டில் பெட்டி இல்லாமலும் இருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? உள்ளே ஒரு திருகு இருக்கும். அதைச் சுற்றி 1 முதல் 5 அல்லது 7 வரை எண்கள் பொறித்திருக்கும். அவை டிகிரிகள் என்று கருதி, ஐந்தில் வைத்தால் ஐந்து டிகிரி என்று நிம்மதி கொள்பவர்கள் உண்டு. அந்த எண்கள் டிகிரிகள் அல்ல, குளிர்ச்சியின் படிகளே. பொதுவாக எண் பெரிதாகப் பெரிதாகக் குளிர் மிகும். எளிய வெப்பமானி ஒன்றை வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் இட்டு, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எங்கள் பெட்டி 9 டிகிரி காட்டியது! கதவு விளிம்பிலுள்ள ரப்பர் தளர்ந்திருந்ததே காரணம். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். மிஸ்திரிக்கு அரை மணி நேர வேலை.

பெட்டிக்குள் எல்லா இடமும் ஒரே குளிர் உடையதன்று. கதவுத் தட்டுகளே மிகவும் வெப்பமான இடம். திறக்கும்போதெல்லாம் அறைக்காற்று அவற்றின் மீது வீசுகிறது. ஆயினும் பாலை வைப்பதற்கு நாம் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான், எடுப்பதற்குக் கைக்கு எட்டுகிறது என்பதற்காக. பாலும் தயிரும் உள் தட்டுகளில் இருக்கட்டும். கதவில் ஊறுகாயும் சட்னிப் புட்டிகளும் தண்ணீரும் இருந்தால் போதும். பச்சை இறைச்சியும் மீனும், மூடிய பாத்திரத்தில், சமைத்த உணவுக்குக் கீழேயே இருக்க வேண்டும். அவற்றின் நீர் ஒரு சொட்டு விழுந்தாலும் கீழுள்ள பண்டம் பாழாகும். ஓரிரு நாளில் சமைக்காவிடில் அவற்றை ஃப்ரீஸரில் வைக்க வேண்டும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த இறைச்சியை மேடை மீது உருக விடாமல், முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. மூடாமல் வைத்த பாலும் தயிரும் பிறவற்றின் மணத்தை ஈர்த்துக்கொள்ளும். பலாச்சுளை மணக்கும் தயிர்ச் சாதத்தை ஒரு முறை உண்டவர் மூடியின் அவசியத்தைப் பிறகு மறப்பதில்லை.

வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பெட்டி தேவையில்லை. மிகு குளிரில் உருளைக்கிழங்கின் மாவுச்சத்துச் சர்க்கரையாக மாறிவிடும், வறுத்தால் கருகும். வாழைப்பழம் கறுத்துப்போகும். கொத்துமல்லியையும் கறிவேப்பிலையையும் கழுவாமல், ஈரமின்றி, காகிதத்தில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். இட்லி மாவு பொங்கிய பிறகே உள்ளே போக வேண்டும். குளிரில் புளிப்பு மெல்ல ஏறும். டில்லியில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ஜனவரி மாதத்தில் சமையலறையே குளிர்சாதனப் பெட்டியாகிவிடுவதால், மாவுப் பாத்திரத்தைப் பஞ்சு ரஜாய்க்குள் சுற்றித் தூங்க வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

கடையில் வாங்கும் பொட்டலங்களின் மீதுள்ள தேதியைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒரு வார்த்தை. அவற்றில் இரு வகை வாசகங்கள் உண்டு. ஒன்று, இத்தேதிக்கு முன் உண்டால் சுவை குன்றாது என்பது. மற்றொன்று, இத்தேதிக்குப் பின் உண்ணவே கூடாது என்பது. இரண்டையும் தமிழில் ‘காலாவதி’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். அதனால் நல்ல பண்டம் குப்பைக்குப் போவதும், ஆகாத பண்டம் தட்டுக்கு வருவதும் நிகழ்கின்றன. இவ்விரு தேதிகளும் பொட்டலம் பிரிபடாமல், அதில் குறித்த குளிரில் இருக்கும் வரையில்தான் செல்லும். பிரித்த நாளிலிருந்து அது சமைத்த உணவைப் போன்றதே.

வீட்டில் இன்சுலின் மருந்து இருப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவிலும் வைக்கலாகாது; ஃப்ரீஸரை ஒட்டியும் வைக்கலாகாது. ஒரு முறை உறைந்துவிட்ட இன்சுலின் உருகிய பின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். ஆயினும் அதை நம்பக்கூடாது. தயங்காமல் எறிந்துவிட வேண்டும். தாயாரின் மருந்தை நாங்கள் மூடியுள்ள சிறு டப்பாவில் இட்டு நடுத்தட்டின் முன்பக்கத்தில் வைக்கிறோம்.

பெட்டியின் பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுவோம். உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. பின்புறச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் அந்தச் சூடு போக வழியின்றி, மின்சாரச் செலவு ஏறும். தயாரிப்பாளர் குறித்த இடைவெளியை விட வேண்டும். பின்புறக் குழாய்களில் படியும் தூசியை, மின் இணைப்பை நீக்கிவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மென்மையான தூரிகையால் அகற்ற வேண்டும். உட்புறத்தைச் சோடா உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரால் துடைத்தால் வாடை நீங்கும். பனி தானாக உருகாத வகைப் பெட்டியானால், ஃப்ரீஸரில் அரை சென்டிமீட்டர் பனி படிந்தவுடன் உருக விட வேண்டும். கத்தியால் குத்திப் பெயர்ப்பது கூடவே கூடாது. முற்காலத்தில் இப்பெட்டிகளில் இருந்த வாயு வானத்து ஓசோன் படலத்தை அழிப்பதென்று அறிந்து, 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாகக் கைவிடப்பட்டது. இப்போது வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஐசோபியூட்டேன். அளவு சிறிதாயினும் எரியக்கூடியது. கத்தி முனை குழாயைத் துளைத்துவிட்டால், ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, மிஸ்திரியை அழைப்பதே வழி.

பலரும் கண்டறியாத ஓர் இடம் பெட்டியின் பின்புற அடியில் இருக்கிறது. உருகிய நீர் வடிந்து சேரும் சிறு தட்டு அது. சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுவுக்கு அது பிடித்தமான இடம். டெங்கு காய்ச்சலைப் பரப்புவது அக்கொசுவே. டில்லியில் மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் நகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கூலர் தொட்டியைப் பார்த்த கையோடு இந்தத் தட்டையும் பார்ப்பார்கள். ஒரு முறை எங்கள் வீட்டில் அவர்கள் டார்ச் விளக்கை அடித்துக் காட்டியபோதுதான் அப்படி ஒரு தட்டு இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. வாரம் ஒரு முறை அதைக் கொட்டித் துடைத்து உலர விட வேண்டும்.

மின்சாரம் நின்றுவிட்டால் கதவைத் திறக்காதிருப்பதே முதல் மருந்து. மூடிய பெட்டி நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. நம் கோடையில் நாம் மூன்று மணி என்றே கொள்ளுகிறோம். அதற்கு மேல் ஆனால், பாலைக் காய்ச்சிவிட வேண்டும்; இறைச்சியையும் மீனையும் உடனே சமைக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். சுவைத்துப் பார்த்து முடிவு செய்வது தகாது. எங்கள் சாதமும் சுவையில் குறையின்றித்தானே இருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் ஃப்ரீஸரில் ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து, அதன் மீது ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துச் செல்லலாம். ரயிலில் இரண்டு இரவு பயணம் செய்து தெற்கே சென்று, பத்து நாள் கழித்துத் திரும்பும்போது நாணயம் பனிக்குள் மூழ்கியிருந்தால், இடையே மின்சாரம் நெடுநேரம் நின்று எல்லாம் உருகி மீண்டும் உறைந்தது என்று பொருள். உள்ளதை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டியதுதான். ஒரு மாதம் செல்வதாயின், பெட்டியைக் காலி செய்து, அணைத்து, துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணிச்சுருளை இடையில் வைத்துவிட்டுச் செல்வது மேல்.

எங்கள் தாயார் மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். பழைய நாட்காட்டித் தாள்களைச் சிறு சீட்டுகளாக நறுக்கி, பென்சிலுடன் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். உள்ளே செல்லும் ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியிலும் ஒரு சீட்டு ஒட்டப்படும்: என்ன பண்டம், என்ன கிழமை, சமைத்தது எத்தனை மணி, வைத்தது எத்தனை மணி. முதலில் சிரித்த குழந்தை இப்போது தானே சீட்டு எழுதுகிறது. சென்ற வாரம் ஒரு மூடியில் இப்படி எழுதியிருந்தது: ‘ரசம், புதன், சமைத்தது பகல் 1, வைத்தது 1.50. பாட்டி பார்த்துவிட்டார்.’